மலையும் வாக்கும்: ஜவ்வாது மலையின் தொகுதி வரலாறு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் தமிழகப் பகுதியில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் 32 கிலோமீட்டர் அகலமும் கொண்டு பரந்து கிடப்பது ஜவ்வாது மலை. செய்யாறு இங்கேதான் தோன்றுகிறது. சாமையும் திணையும் தேனும் பலாவும் இம்மலையின் விளைபொருள்கள். மலையின் ஒரு கோடியிலுள்ள காவலூரில், 1986 ஆம் ஆண்டு முதல் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய வானாய்வு நிலையம் விண்மீன்களை அளந்து வருகிறது. அதே மலையின் வேறு பல சிற்றூர்களில், நோயாளியைத் துணியில் கட்டித் தோளில் சுமந்தே அடிவாரம் சேர்க்க வேண்டிய நிலை அண்மைக்காலம் வரை இருந்தது.

நிலநூல் நோக்கில் இது ஒரே மலை. வாழும் மக்களும் பெரும்பாலும் ஒரே இனத்தார். ஆயினும் தேர்தல் வரைபடத்தில் ஜவ்வாது மலை என்றொரு தொகுதி இல்லை. கலசப்பாக்கம், திருப்பத்தூர், அணைக்கட்டு எனச் சமவெளி ஊர்களின் பெயர் தாங்கிய தொகுதிகளின் ஓரங்களாகவே அது பங்கிடப்பட்டுள்ளது. மக்களாட்சியில் ஒரு சிறு சமூகத்தின் வாக்கு எண்ணப்படுகிறது; அதன் குரல் கேட்கப்படுகிறதா என்பது வேறு வினா. அவ்வினாவுக்கு விடை தேட இம்மலையின் தேர்தல் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

நாடும் நாட்டாரும்

ஜவ்வாது மலையின் பெரும்பான்மைக் குடிகள் 'மலையாளி' எனப்படும் பழங்குடியினர். இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், அதாவது மலையில் வாழ்பவர் என்பதே பொருள். அவர்தம் மொழி தமிழ். கவுண்டர் என்பது அவர்களது பட்டப்பெயர். 1881 ஆம் ஆண்டு ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேடும், 1909 இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலும் இம்மக்களின் தோற்றக் கதையைப் பதிவு செய்துள்ளன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் சிலர் மலையேறி, அங்கிருந்த வேடர்களுடன் மண உறவு கொண்டு நிலைத்தனர் என்பது அக்கதையின் சாரம். இது வரலாறா, மரபுவழி நினைவா என்பதை அறுதியிட்டுரைக்க இயலாது. ஆனால் 'நாங்கள் வந்து குடியேறியவர்கள். எங்களுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு' என்னும் தன்னுணர்வை அக்கதை காட்டுகிறது.

அவ்வொழுங்கின் பெயர் 'நாடு'. சிற்றூர்கள் பல சேர்ந்து ஒரு நாடு. ஊருக்கு ஓர் ஊர்க்கவுண்டர். நாட்டுக்கு ஒரு நாட்டார். மண முறிவு, எல்லைத் தகராறு, திருவிழா முதலியவற்றை இவர்களே கூடித் தீர்த்தனர். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்னும் ஊராட்சிப் பெயர்களில் அப்பழைய அமைப்பு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வமைப்பை மிகையாகப் புகழவும் வேண்டியதில்லை. தலைமை பெரும்பாலும் தந்தைக்குப்பின் மகன் என்றே சென்றது. அவையில் பெண்களுக்கு இடமில்லை. எனினும் முடிவு எடுக்கப்படும் இடம் மலைமீதே இருந்தது என்பது கவனிக்கத் தக்கது. பின்னாளில் மாறியது அதுவே.

தமிழகத்தில் தேர்தல் என்றவுடன் உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகள் நினைவுக்கு வருவது இயல்பு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவற்றில் முப்பது குடும்புகளும் உறுப்பினருக்கான தகுதிகளும் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலம் உடைமை அத்தகுதிகளுள் ஒன்று. நிலமில்லாதவருக்கு அவையில் இடமில்லை என்ற அவ்விதி, வேறு உருவில் ஆயிரம் ஆண்டுகள் நீடித்தது.

சொத்துள்ளோர் வாக்கிலிருந்து அனைவர் வாக்குக்கு

ஆங்கிலேயர் காலத்துச் சட்டமன்றத் தேர்தல்களில் வாக்குரிமை சொத்து, வரி, கல்வி ஆகியவற்றுடன் பிணைக்கப்பட்டிருந்தது. 1935 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வாக்காளர் தொகையைப் பெருக்கியபோதும், மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கே வாக்கு கிடைத்தது. பட்டாவில்லாத காட்டு நிலத்தில் சாமை விதைத்து வாழ்ந்த மலைக்குடிக்கு அதில் இடம் கிடைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அச்சட்டத்தின்கீழ் அமைந்த சென்னை மாகாணச் சட்டப்பேரவையின் 215 இடங்களில், பின்தங்கிய பகுதிகளுக்கும் பழங்குடிகளுக்குமாக ஒதுக்கப்பட்டது ஒன்றே ஒன்று. முஸ்லிம்களுக்கு 28 இடங்கள் தனி வாக்காளர் தொகுதி முறையில் அமைந்தன.

விடுதலைக்குப் பின் இவ்விரு ஏற்பாடுகளும் அரசியல் நிர்ணய சபையில் மறு ஆய்வுக்கு உள்ளாயின. 1947 ஆகஸ்டில் பி. போக்கர் சாகிப் முன்மொழிந்த தனி வாக்காளர் தொகுதித் திருத்தம் தோல்வியுற்றது. 1949 மே மாதம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் மீண்டும் வாதிட்டும் பயனில்லை. சமயச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடும் அப்போது கைவிடப்பட்டது. எஞ்சியவை பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய ஒதுக்கீடுகள். அவை அரசியலமைப்பின் 330, 332 ஆம் உறுப்புகளில் இடம்பெற்றன. பழங்குடிகளின் சார்பில் அச்சபையில் ஓங்கி ஒலித்தது ஜெய்பால் சிங் முண்டாவின் குரல்.

ஒதுக்கீடு இன்றேல் சிறுபான்மையினரின் நிலை என்னவாகும் என்பது அன்றைய விவாதத்தின் உயிர்நாடி. ஜவ்வாது மலை அவ்வினாவின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஒதுக்கீடு சட்டத்தில் இருந்தும், அது தம் நிலத்தை வந்தடையாவிட்டால் என்னவாகும் என்பதே அது.

இரண்டரைக்குக் குறைந்த கணக்கு

தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் மலையாளி இனத்தார் தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டும் பழங்குடியினராக ஏற்கப்பட்டுள்ளனர். ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் அதே இனத்தார் இப்பட்டியலில் இல்லை. மனிதரின் அடையாளத்தையும் மாவட்டக் கோடு நிர்ணயிக்கும் என்பதற்கு இது ஒரு சான்று. ஜவ்வாது மலையார் பழைய வட ஆற்காட்டுக்குள் இருந்தமையால் அச்சிக்கலினின்று தப்பினர். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநிலத்துப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களுள் மலையாளிகள் மட்டும் 3,57,980 பேர். தமிழகத்தின் மிகப்பெரிய பழங்குடி இனம் இதுவே.

இனி ஒதுக்கீட்டுக் கணக்கைக் காண்போம். 2008 ஆம் ஆண்டுக்கு முன்பு தமிழகச் சட்டப்பேரவையில் பழங்குடியினருக்கு ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம் என மூன்று இடங்கள் இருந்தன. அவை முறையே சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றைத் தழுவியவை. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம் 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. அப்போது மாநிலத்தின் 6,24,05,679 மக்களுள் பழங்குடியினர் 6,51,321 பேர். 234 இடங்களில் இவ்விகிதம் 2.44 ஆகிறது, முழு எண்ணாக்கினால் இரண்டு. உப்பிலியபுரம் மறைந்தது. மூன்று இரண்டாயிற்று. மக்களவையின் 39 இடங்களில் இவ்விகிதம் 0.41 மட்டுமே, ஆதலின் தமிழகத்தில் பழங்குடியினருக்கு மக்களவைத் தொகுதி ஒன்றுகூட இல்லை.

2011 ஆம் ஆண்டுத் தொகையைக் கொண்டு இதே கணக்கைப் போட்டால் 2.58 வரும், அதாவது மூன்று. எனவே ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான சிறு வேறுபாடு ஓர் இடத்தைப் பறிக்கவும் தரவும் வல்லது. ஆயினும் 84, 87 ஆம் திருத்தங்களின்படி, 2026 க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளிவரும் வரை இந்த எல்லைகளைத் தொடுவதற்கில்லை என்றே விதிக்கப்பட்டது.

மூன்றாவது இடம் கிடைத்தாலும் அது ஜவ்வாது மலைக்கு வருமா? 2002 ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டம் இரு இனத்தாருக்கும் இரு வேறு விதிகளைக் கூறுகிறது. பட்டியல் சாதியினருக்கான தொகுதிகள் மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவியிருக்க வேண்டும். பழங்குடியினருக்கானவையோ, அவர்களின் விகிதம் மிகுதியாக உள்ள இடங்களிலேயே அமைய வேண்டும். இங்கேதான் முடிச்சு விழுகிறது. ஒரு மலையைப் பல தொகுதிகளாகப் பிரித்தால், எந்தத் தொகுதியிலும் அதன் மக்கள் விகிதம் உயராது. விகிதம் உயராததால் ஒதுக்கீடு வாராது. எல்லை வரையப்பட்ட முறையே தகுதியின்மைக்குக் காரணமாகிறது.

ஆணையத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. தொகுதி ஒன்றுக்கு இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை வேண்டும். மலைமக்கள் மட்டும் அத்தனை பேர் இல்லை. நிர்வாக எல்லைகளை மதிக்க வேண்டும் என்பதும் சட்டம் கூறுவதே. ஆனால் இயற்கை அமைப்பு, போக்குவரத்து வசதி, மக்கள் நலன் ஆகியவற்றையும் கருத வேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. ஏற்காடும் சேந்தமங்கலமும் மலையோடு அடிவாரச் சமவெளியையும் சேர்த்து அமைந்த தொகுதிகளே. அவ்வழி ஜவ்வாது மலைக்கும் இயலாததன்று.

கலசப்பாக்கமும் மலையும்

மலையின் தென்பாதி, ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாது மலை ஊராட்சி ஒன்றியம். பதினொரு ஊராட்சிகளைக் கொண்ட அது திருவண்ணாமலை மாவட்டத்தின் கலசப்பாக்கம் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. பொதுத் தொகுதியான கலசப்பாக்கத்தின் வாக்கு வரலாறு சுவையானது. 1977, 1980 ஆகிய தேர்தல்களில் மாநிலமெங்கும் எம்.ஜி.ஆர். அலை வீசியபோது இத்தொகுதி தி.மு.க.வின் பெ.சு. திருவேங்கடத்தைத் தேர்ந்தெடுத்தது. 1989, 1996 ஆகிய ஆண்டுகளிலும் அவரே வென்றார். 2011, 2016 ஆகிய இரு தேர்தல்களும் அ.தி.மு.க.வுக்கு உரியவை. 2021 இல் தி.மு.க.வின் பெ.சு.தி. சரவணன் வெற்றி பெற்றார். எழுபதுகளின் பிற்பகுதியில் மாநிலக் காற்றுக்கு எதிராக நின்ற தொகுதி, இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலிருந்து அக்காற்றின் திசையிலேயே சென்றது எனலாம்.

ஆனால் இவ்வெற்றி தோல்விகளை நிர்ணயிப்பது பெரும்பாலும் சமவெளியே. தொகுதியின் பெயரும் வாக்குகளின் பெரும்பங்கும் கட்சிகளின் அமைப்புப் பலமும் அடிவாரத்தில் உள்ளன. மலை என்பது வேட்பாளர் ஒருநாள் வந்து செல்லும் தொலைவு. மலைவாக்கைப் பெறுவதற்கான வாக்குறுதியும் பல தேர்தல்களாக ஒன்றே: சாலை.

ஒரே மலை, மூன்று நாள்காட்டிகள்

1989 ஆம் ஆண்டு வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது ஜவ்வாது மலையும் வேலூர், திருவண்ணாமலை என இரு மாவட்டங்களுக்கு உரியதாயிற்று. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து திருப்பத்தூர் பிரிந்ததும் மூன்று மாவட்டங்கள் மலையைப் பகிர்ந்தன. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவை திருப்பத்தூருக்கும், பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகியவை வேலூருக்கும், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைக்கும் உரியன.

மக்களவைக்கு இப்பங்கீடு வேறுவிதம். கலசப்பாக்கமும் திருப்பத்தூரும் திருவண்ணாமலை மக்களவைத் தொகுதியிலும், அணைக்கட்டு வேலூர் மக்களவைத் தொகுதியிலும் அடங்கும். 2019 ஆம் ஆண்டு இப்பிரிவினை கண்கூடாகத் தெரிந்தது. ஏப்ரல் 18 அன்று திருவண்ணாமலைத் தொகுதி வாக்களித்தது. வேலூரிலோ பெருந்தொகை கைப்பற்றப்பட்டதை அடுத்து, இரு நாள்களுக்கு முன்னரே தேர்தல் இரத்தாகியிருந்தது. அங்கு வாக்குப்பதிவு நடந்தது ஆகஸ்ட் 5 இல். ஜமுனாமரத்தூரார் வாக்களித்து, மத்தியில் அரசும் அமைந்து இரு மாதங்கள் கடந்தபின், அதே மலையின் பீஞ்சமந்தையார் வாக்குச்சாவடிக்குச் சென்றனர்.

முடிவுகளும் ஒப்பிடத் தக்கவை. திருவண்ணாமலையில் தி.மு.க. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் வேறுபாட்டில் வென்றது. வேலூரில் அக்கட்சியின் கதிர் ஆனந்த், ஏ.சி. சண்முகத்தை 8,141 வாக்குகளில் வென்றார். ஒரு பக்கத்தில் மலைமக்கள் அனைவரும் வேறுவிதமாக வாக்களித்திருந்தாலும் முடிவு மாறியிராது. மறுபக்கத்தில் ஒருசில ஊராட்சிகளின் வாக்குகூட எடைபோடத் தக்கதாயிற்று. வாக்கின் மதிப்பை வாக்காளரின் தேவை நிர்ணயிப்பதில்லை. அவர் கோட்டின் எப்பக்கம் வாழ்கிறார் என்பதே நிர்ணயிக்கிறது.

அவ்வாண்டின் உள்ளாட்சித் தேர்தலில் கோடுகள் மீண்டும் இடம் மாறின. டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் 27 மாவட்டங்களுக்கு ஊரகத் தேர்தல் நடந்தது. புதிதாகப் பிரிந்த மாவட்டங்கள் காரணமாக ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. வேலூரும் திருப்பத்தூரும் அவற்றுள் அடக்கம். எனவே ஏப்ரலில் ஜமுனாமரத்தூருடன் சேர்ந்து வாக்களித்த புதூர்நாடு இப்போது தனித்து விடப்பட்டது. விடுபட்ட மாவட்டங்களின் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில்தான் நடந்தது. 2016 இல் முடிந்த பழைய மன்றங்களுக்குப்பின், அம்மலையூர்கள் ஐந்தாண்டுக் காலம் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் இன்றித் தனி அலுவலர்களின்கீழ் இருந்தன. நாட்டார் முறை நலிந்து, ஊராட்சி முறையும் நின்றுபோன இடைவெளி அது.

ஊராட்சியில் தோன்றிய முரண்

மலைமக்கள் தம் பெரும்பான்மையை நேரடியாக உணரக்கூடிய ஒரே அரங்கு ஊராட்சி மன்றம். 73 ஆம் திருத்தமும் 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் தலைமைப் பதவிகளை ஒதுக்கின. பெண்களின் பங்கு 2016 இல் பாதியாக உயர்த்தப்பட்டது. நாட்டார் அவையில் இடம்பெறாத மலைப்பெண் ஊராட்சித் தலைவராக அமர வழி பிறந்தது இதனால்தான். எனினும் பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைக்குத் தனி அதிகாரம் தரும் 1996 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இம்மலைக்குப் பொருந்தாது. அது ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும் உரியது. தமிழகத்தில் அத்தகைய பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை.

2021 உள்ளாட்சித் தேர்தலில் ஆம்பூரை அடுத்த நாயக்கனேரி மலை ஊராட்சியில் கடினமானதொரு முரண் எழுந்தது. தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் மலையில் இது தகாது என்று மலைமக்கள் எதிர்த்துத் தேர்தலைப் புறக்கணித்தனர். போட்டியின்றித் தேர்வான பட்டியல் சாதிப் பெண்மணி பொறுப்பேற்பது வழக்கினால் தடைப்பட்டது. மலைமக்களின் முறையீட்டில் பொருள் உண்டு. ஆனால் சட்டப்படி தேர்வான ஒரு பெண், அவரும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர், நாற்காலியில் அமர இயலாமற்போனதும் நீதியாகாது. வாய்ப்பிழந்த இரு சமூகங்களை ஒரே நாற்காலிக்கு எதிரெதிரே நிறுத்திய ஒதுக்கீட்டு வரையறையே இங்கு ஆராயத் தக்கது. ஒருவரின் உரிமையை மற்றவரின் இழப்பாக்கும் ஏற்பாடு இருவருக்குமே தீங்கானது.

புறக்கணிப்பு என்னும் மொழி

தேர்தல் நெருங்கும்போது 'சாலை இல்லையேல் வாக்கு இல்லை' என்று மலையூர்கள் அறிவிப்பது செய்தித்தாள்களில் வழக்கமாகிவிட்டது. இதனை அறியாமை என்று ஒதுக்குவோர் உளர். மாறாக, தம் வாக்கால் முடிவை மாற்ற இயலாது என்பதை நன்கு உணர்ந்த மக்கள், வாக்களியாமையால் செய்தியாக முடியும் என்பதையும் உணர்ந்துள்ளனர் என்றே கொள்ள வேண்டும். அலுவலர்கள் ஓடிவந்து பேசுவது அந்த ஒரு வாரத்தில்தான்.

அதன் பின்னணியில் உள்ளவை சிறிய குறைகள் அல்ல. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட 20 தமிழகக் கூலிகளுள் ஜவ்வாது மலையாரும் இருந்தனர். உள்ளூரில் பிழைப்பின்மை அவர்களைச் செம்மரக் காட்டுக்கு அனுப்பியது. 2023 மே மாதம் அணைக்கட்டுத் தொகுதியின் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை பாம்பு தீண்டி இறந்தது. சாலையின்மையால் ஊர்தி பாதியிலேயே நின்றுவிட, தாய் தன் குழந்தையின் உடலைப் பல கிலோமீட்டர் சுமந்து மலையேறினாள். அதன்பின்னரே அம்மலைக்குச் சாலைப் பணி விரைவு பெற்றது. முதற் பொதுத் தேர்தலிலிருந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அளிக்கப்பட்ட வாக்குகள் கொணராத சாலையை ஒரு குழந்தையின் மரணம் கொணர்ந்தது என்பது, எந்த மக்களாட்சியும் தலைகுனிய வேண்டிய செய்தி.

மக்களாட்சியின் அடிப்படை பெரும்பான்மை என்பர். அது பாதி உண்மையே. பெரும்பான்மை ஆள்வதற்கு உரிமை பெற்றது. ஆனால் சிறுபான்மையின் சொல் அவையில் ஒலிப்பதற்கு வழி செய்யும்போதுதான் அவ்வுரிமை நிறைவு பெறுகிறது. கலந்தாய்வைப் பண்பாட்டின் அடையாளமாகப் போற்றும் எந்தச் சமூகமும் இதனை எளிதில் உணரும். கலந்தாய்வு என்பது தலைகளை எண்ணுவதோடு முடிவதன்று.

அடுத்த மறுவரையறையின்போது தென் மாநிலங்களின் இடங்கள் குறையுமா என்பதே தமிழகத்தின் பெருங்கவலை. நியாயமான கவலைதான். தில்லியில் எண்ணிக்கை குறைவால் தம் குரல் நலியக் கூடாது என்று தமிழகம் வாதிடுகிறது. அதே வாதத்தைத்தான் ஜவ்வாது மலையின் மக்கள் தமிழகத்தை நோக்கி வைக்கின்றனர். முன்னதை ஏற்பவர் பின்னதை மறுப்பதற்கில்லை. புதிய கோடுகள் வரையப்படும் நாளில், வரைவோரின் மேசையில் மக்கள்தொகை அட்டவணையோடு இம்மலையின் வரைபடமும் விரிக்கப்பட வேண்டும்.